மறு: ‘சேஷ்’ – ஏரி ஓதமா, தளும்பலையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஏரி போன்ற அடைபட்ட நீர் உலுக்கப்பட்டு முன்னும் பின்னும் ஆடுவதை ஆங்கிலத்தில் ‘சேஷ்’ (seiche) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> ஏரி நீர் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்குவதால் ‘ஏரி ஓதம்’ எனலாமே.

ஐயா, ஓதம் வேண்டாம். நிலவும் கதிரவனும் இழுக்கக் கடல் ஏறி வற்றுவதே ஓதம். ஆழிப்பேரலைக்கு (சுனாமிக்கு) ஓதத்தோடு உறவே இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் நெடுங்காலம் அதை ஓத அலை என்றே எழுதிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். ஆனால் நாகப்பட்டினத்தைச் சிதைத்த அலை, சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை பெயர்ந்து எழும்பியதால் புறப்பட்டது. நிலவுக்கு அதில் பங்கில்லை. அந்தப் பிழையை ஏரிக்கும் கொண்டுவர வேண்டுமா?

பலத்த காற்றோ, காற்றழுத்த மாற்றமோ, நிலநடுக்கமோ உலுக்கிவிட, முழுவதுமோ பெரும்பகுதியோ கரை சூழ்ந்த நீர் ஊஞ்சல்போல் ஆடுவதே சேஷ். இடுப்பில் குடத்தோடு எங்கள் கொடைக்கானல் மேட்டில் ஏறியவர்கள் எல்லோரும் இதைக் கண்டிருக்கிறார்கள். நீளம் கூடினால் ஆட்டம் மெதுவாகும், ஆழம் கூடினால் விரைவாகும். 1 கி.மீ. நீளமும் 5 மீட்டர் ஆழமும் உள்ள ஏரி ஒருமுறை ஆடி மீள ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். விண்மீன்போல் கைகை பிரிந்து கிடக்கும் எங்கள் ஏரிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

தனிச்சொல் ஏன் வேண்டும் என்பதற்குக் கிரீன்லாந்தே சான்று. 2023 செப்டம்பரில், பனியாறு மெலிந்து அடிப்பிடி தளர்ந்த மலைச்சரிவு ஒன்று டிக்சன் கடற்கழியில் (fjord – மலைகளுக்கு நடுவே நுழைந்த குறுகிய கடல்) சரிந்தது. எழுந்த அலை சில இடங்களில் 200 மீட்டர் உயரம்வரை ஏறியது. அது ஆழிப்பேரலை. அதன்பின் குறுகிய கழிக்குள் அகப்பட்ட நீர் 90 நொடிக்கு ஒருமுறை என 9 நாள் ஆடியது. உலகெங்கும் நிலநடுக்கமானிகள் அதைப் பதிந்தன. அது சேஷ். இரண்டையும் ‘அலை’ என்றே எழுதினால் மாணவர்களுக்கு எப்படி விளங்கும்?

என் முன்மொழிவு: தளும்பலை.

– இயற்பியல் ஆசிரியை, கொடைக்கானல்

---

அம்மா, வணக்கம்.

‘தளும்பு’ என்னும் வேர் அருமை. ஆனால் ‘தளும்பலைக் கண்டோம்’ என்று எழுதிப் பாருங்கள். தளும்பல் + ஐ என்று வேற்றுமை உருபாகத்தான் கண் படிக்கும். மேலும், அலை என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடுவது என்றே மனம் கொள்கிறது. இங்கே நீர் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ‘அலை’யை விட்டுவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். ‘துறைமுக அலை’ என்ற பேச்சும் எழுந்தது. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லின் பொருளே அதுதான், ஆகவே தவிர்ப்போம்.

– ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர், கோத்தகிரி

---

ஐயா, வேற்றுமை உருபை நான் கவனிக்கவே இல்லை. மிக்க நன்றி. ‘அலை’யை எடுத்துவிடுகிறேன். இனி வினையாகவும் எழுதலாம்: 1755 லிஸ்பன் நிலநடுக்கத்தின்போது ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரி தளும்பியது. நம் கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன்:

தளும்பல் (பெயர்): ஏரி, துறைமுகம், கடற்கழி போன்று முழுவதுமோ பெரும்பகுதியோ அடைபட்ட நீர்நிலை, புறவிசையால் உலுக்கப்பட்டுத் தன் இயல்பான கால அளவில் ஏறி இறங்கி ஆடுதல். வினை: தளும்பு. ஏரித் தளும்பல், துறைமுகத் தளும்பல்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.