திருப்பி அனுப்பின பொருளுக்கு இன்னும் தவணை கேட்கிறாங்க, எப்படி மறுக்கிறது?

கேள்வி:
'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' முறையில் 4 தவணைக்கு எடுத்த பொருள். முதல் தவணை போனதும் ரிட்டர்ன் பண்ணியாச்சு. ரீஃபண்ட் போட்டுட்டோம்னு கடை சொல்லுது. ஆப்பில் மீதி 3 தவணையும் அப்படியே நிற்குது, லேட் ஃபீயும் ஏறியிருக்கு. ஆட்டோபேயை நிறுத்திட்டு விட்டுடலாமா?

பதில் 1:
விட்டுடாதீங்க. பொருள் வாங்கினது கடைகிட்ட, கடன் வாங்கினது வேற ஒருத்தர்கிட்ட. அந்தக் கடனோட சேர்ந்த ஆர்டர் எண்ணிலேயே கடை ரீஃபண்ட் பதிஞ்சாதான் நிலுவை குறையும். கோளாறு பெரும்பாலும் இங்கதான்: ரீஃபண்ட் ஸ்டோர் கிரெடிட்டா போயிருக்கும், இல்லைன்னா மாற்றுப் பொருளோட புது ஆர்டர் எண்ணில் உட்கார்ந்திருக்கும். "ரீஃபண்ட் ஆச்சா"ன்னு கேட்டா "ஆச்சு"ன்னு முடிச்சிடுவாங்க. எந்தத் தேதி, எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, ரெஃபரன்ஸ் எண் என்னன்னு எழுத்தில் வாங்குங்க.

பதில் 2:
ஆப்பில் ரிட்டர்ன் பதிவு செய்யும் இடம் இருந்தா முதல்ல அதில் பதியுங்க. சில நிறுவனங்கள் தவணையைத் தற்காலிகமா நிறுத்தி வைக்கும். அந்தக் கெடு முடியும் தேதியைக் குறிச்சுக்குங்க, முடிஞ்சதும் ஆட்டோபே தானா ஓடும். சாட்டில் பேசினதோட நிற்காம குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. இவ்வளவு போதும்:

"கடன் எண் …, ஆர்டர் எண் …. பொருள் … தேதி கடையிடம் சேர்ந்துவிட்டது. டிராக்கிங் எண் …. கடையின் ரீஃபண்ட் உறுதி இணைப்பில் உள்ளது. மீதித் தவணைகளையும் லேட் ஃபீயையும் நான் ஏற்கவில்லை. முழுக் கணக்கு விவரமும் புகார் எண்ணும் தரவும். விசாரணை முடியும்வரை வசூலை நிறுத்தவும்."

கூரியர் ரசீது, பொருளை அனுப்பினதுக்கு மட்டும்தான் சாட்சி. 'டெலிவரி ஆனது'ன்னு காட்டும் பக்கத்தை இன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, பிறகு அது மறைஞ்சுடலாம்.

கேள்வி கேட்டவர்:
2 பொருளில் ஒண்ணை மட்டும் திருப்பியிருந்தா?

பதில் 2:
வெச்சுக்கிட்ட பொருளுக்கான பணத்தை நாள் தவறாம கட்டுங்க. அதையும் நிறுத்தினா, மறுப்பு நியாயமா இருந்தாலும் தவறின தவணை உண்மையாயிடும். இன்னொண்ணு: பல இடங்களில் ரீஃபண்டைக் கடைசித் தவணையிலிருந்துதான் கழிப்பாங்க. அடுத்த தவணை குறையலைன்னு பதறாம மொத்த நிலுவையைப் பாருங்க.

பதில் 3:
ஆட்டோபேயை ரத்து செய்யறதால கடன் மறுக்கப்பட்டதா ஆகாது. மெயில் போயிருக்கணும். பெயர் கெடக்கூடாதுன்னு கட்டறதா இருந்தா, "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு"ன்னு கட்டறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க.

வசூல் ஏஜென்ட் கூப்பிட்டா போனில் எதையும் ஒத்துக்காதீங்க. கடன் அவங்களுக்கு விற்கப்பட்டதா, வசூலுக்கு மட்டும் ஒப்படைக்கப்பட்டதான்னு எழுத்தில் கேளுங்க. அமெரிக்காவில் வசூல் நிறுவனத்தோட நோட்டீஸ் கிடைச்ச 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தா, சான்று அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாகணும். இந்தியாவில் ஆப் வெறும் முகம், கடன் கொடுத்த வங்கியோ என்.பி.எஃப்.சி.யோ (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) யாருன்னு ஒப்பந்தத்தில் இருக்கும், புகார் அங்கேயும் போகணும். 30 நாளில் பதில் இல்லைன்னா, ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்புத் திட்டத்துக்குள் வரும் நிறுவனமா இருந்தா, அதோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) போகலாம். கிரெடிட் ரிப்போர்ட்டில் தப்பா ஏறியிருந்தா தனிப் புகார். 30 நாளில் தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

தீர்ந்ததும் 'நிலுவை இல்லை' கடிதம் வாங்கிட்டு, அடுத்த மாச ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க.