புதுப்பிப்பு: ஸ்பெக்ட்ரம் கசெற்றிலிருந்த தமிழ் எழுத்து நிரல் மீண்டது

சித்தப்பா 48கே இசெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் (நிரல்களைக் கசெற்றில் சேமிக்கும் 1980களின் வீட்டுக் கணினி) எழுதிய நிரலின் கசெற் வெள்ளவத்தை வீட்டில் கிடைத்தது, ஏற்றினால் ‘டேப் லோடிங் எரர்’ என்றே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நிரல் முழுதாக வந்துவிட்டது.

கைகொடுத்தது, பிளேயர் ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்ன ஸ்குரூவைத் திருப்பி அசிமத்தை, அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யச் சொன்னவரின் யோசனை. கசெற் ஓடும்போதே மெதுவாகத் திருப்பினேன். மந்தமாகக் கேட்ட கீச்சொலி ஓரிடத்தில் சட்டென்று கூர்மையானது. அங்கேயே விட்டு, 44.1 கிலோஹேர்ட்ஸில் மோனோவாகப் பதிந்தேன். இரைச்சலை நீக்கும் ஃபில்டர் எதுவும் போடாதீர்கள், துடிப்புகளின் வடிவமே கெட்டுவிடும். ஃபியூஸ் யுடில்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பிலுள்ள ஆடியோ2டேப் அதை டிசெட்எக்ஸ் (ஸ்பெக்ட்ரம் கசெற்றின் டிஜிட்டல் பிரதி) கோப்பாக்கியது. தரவு பிழையின்றி வந்ததா என்று காட்டும் செக்சம் எண்கள் எல்லாம் பொருந்தின.

எதிர்பாராதது ஒன்று. ஸ்பெக்ட்ரமில் நாமாக வரையக்கூடிய எழுத்துகள் 21தான்; தமிழுக்கு அது எங்கே காணும்? அந்த எழுத்துகளின் வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சுட்டும் முகவரி நினைவகத்தின் 23675ஆம் இடத்தில் இருக்கும். சித்தப்பா அந்த முகவரியை மாற்றி மாற்றி, வெவ்வேறு எழுத்துத் தொகுதிகளைத் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். 8க்கு 8 புள்ளிக்குள் ‘ழ’வை அடக்கிய விதம் அவ்வளவு அழகு!

மூல வாவ் (WAV) ஒலிப்பதிவையும் அப்படியே வைத்திருக்கிறேன். தேவையானவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.