பாக்டீரியா வெளியிடும் ஆவிச் சேர்மங்களை வயலில் பயன்படுத்தியவர்கள் உண்டா?

வணக்கம். மண் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஆவியாகும் சேர்மங்களைப் பயிர்ப் பாதுகாப்பில் சோதித்துப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் உதவுங்கள்.

நடுவே தடுப்புள்ள பெட்ரி தட்டில் (மூடியுள்ள ஆய்வகத் தட்டு) ஒரு பக்கம் பேசில்லஸ் என்னும் மண் பாக்டீரியா, மறுபக்கம் நாற்று. வேரைத் தொடாமலேயே, காற்று வழியாக மட்டும் நாற்று செழிக்கிறது! அது வெளியிடும் 2,3-பியூட்டேன்டயால், அசிட்டோயின் என்னும் ஆவிச் சேர்மங்களுக்கு இந்த ஆற்றல் இருப்பதை 2003இல், ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியில் காட்டினார்கள்.

ஆனால் மூடிய தட்டில் பாக்டீரியா சுவாசித்து விடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துவிடுகிறது. அதுவும் வளர்ச்சியைத் தூண்டும். இரண்டின் பங்கையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? பேரியம் ஹைட்ராக்சைடு வைத்து அந்தக் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சச் செய்தால் போதுமா?

அதைவிடப் பெரிய கேள்வி: திறந்த வயலில் இவை விரைவில் கலைந்துவிடும். சேர்மத்தை நீரில் கரைத்து வேரில் ஊற்றுவதா, ஆல்ஜினேட் (கடற்பாசிக் கூழ்) மணிகளில் அடைத்து மெல்லக் கசிய விடுவதா, பாக்டீரியாவையே விதையில் பூசுவதா? எனக்கு மூன்றாவது வழியில்தான் நம்பிக்கை. ஆனால் கிடைக்கும் உணவுக்கேற்ப அது வெளியிடும் கலவையே மாறிவிடுகிறது.

பாக்டீரியா வெளியிடும் மற்றோர் ஆவிச் சேர்மமான டைமெத்தில் டைசல்பைடு பூஞ்சையையும் நூற்புழுவையும் அடக்கும்; அளவு மிஞ்சினால் பயிரையும் கெடுக்கும். அளவு பற்றிய அனுபவத்தை அவசியம் எழுதுங்கள். பலன் தராத சோதனைகளின் விவரமும் எனக்கு வேண்டும்.