சாளைக்கறியும் ஆர்னித்தீன் கணக்கும்

குளச்சல், ஒரு தாய்:
அந்தி சாய்ந்தால் என் மகன் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். கரையில் விரித்த வலையில் கால் மாட்டி விழுவான். மாலைக்கண் என்றார்கள். ஈரல், சாளை, முந்திரி என்று ஊட்டினோம். முந்திரி ஆலையில் வேலை பார்ப்பவள் நான், உடைந்த பருப்புக்குப் பஞ்சமில்லை. ஒன்பது வயதில் கண் மருத்துவர் விழித்திரைப் படத்தைக் காட்டினார். கடல் அரித்த கரை போல ஓரமெல்லாம் வட்ட வட்டமாக வெளுத்திருந்தது. கைரேட் அட்ரோபி, விழித்திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும் பரம்பரை நோய். இரத்தத்தில் ஆர்னித்தீன் என்ற அமினோ அமிலம் 870. சுமார் 100-க்குள் இருக்க வேண்டியது. அதை உடைக்கும் நொதி அவனுக்கு வேலை செய்யவில்லை. உணவுப் புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலம்தான் உடலில் ஆர்னித்தீனாகிறது. அது மீனிலும் முந்திரியிலும் தேங்காயிலும் நிறைய. கண்ணுக்கு நல்லதென்று நான் ஊட்டியதையெல்லாம் அன்றிரவு எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

வைட்டமின் பி6 மாத்திரையில் 870, 850 ஆயிற்று, அவ்வளவுதான். பிறகு புரதத்தை அளந்து கொடுக்கும் உணவு: மரச்சீனி, மட்டிப்பழம், கொஞ்சம் சோறு, கூடவே அத்தியாவசிய அமினோ அமிலப் பொடி. அதன் நாற்றத்துக்குக் கருவாடு தேவலை. மீன் குழம்பில்லாத மரச்சீனியை இந்த ஊரில் யார் தின்பார்கள்? அவன் தின்றான். 14 மாதத்தில் 390. போன மாதம் திடீரென்று 520. திருட்டுத்தனமாக எதுவும் தின்னவில்லை என்று சத்தியம் செய்கிறான்.

நாகர்கோவில், ஆய்வகத்தில் வேலை செய்பவன்:
அக்கா, பிள்ளையைத் திட்டாதீர்கள். சிவப்பணுவுக்குள் ஆர்ஜினேஸ் என்ற நொதி இருக்கிறது. எடுத்த இரத்தம் குலுங்கி அணுக்கள் உடைந்தாலோ, பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியை, பிரிக்கத் தாமதமானாலோ, குழாய்க்குள்ளேயே ஆர்ஜினின் ஆர்னித்தீனாகிவிடும். எங்கே எடுத்தீர்கள்? ஊரில் எடுத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தால் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன். வெறும் வயிற்றில் அழைத்து வாருங்கள், எடுத்தவுடன் பிரித்துவிடலாம்.

தக்கலை, 38 வயது:
எனக்கும் இதே நோய்தான். அப்பா கட்டியது அத்தை மகளை. இருவருக்கும் கண்ணில் குறையில்லை. ஆளுக்கொரு பழுதான மரபணு, இரண்டும் எனக்கு வந்தன. எனக்கு பி6 கேட்டது, பாதியாகக் குறைந்தது. ஆனால் தெரிந்துகொண்டதே 26 வயதில், கண்புரை அறுவைக்குப் போனபோது. இப்போது நேரே தெரியும். பக்கத்தில் நிற்பவர் பேசினால்தான் தெரியும். தம்பிக்கு ஒன்பதிலேயே பிடிபட்டது பெரிய காரியம்.

குளச்சல், ஒரு தாய்:
ஊரில்தான் எடுத்தோம், தம்பி. நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே வருகிறோம். ஜன்னலோர இடம் கேட்பான். விடியாத நேரத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது, என்றாலும் கேட்பான்.