கல்வாழைப் படுகையில் தண்ணீர் இறங்கவில்லை, உதவுங்கள்

செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் 22 வீடுகளின் குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரை, கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியாக விட்டுத்தான் ஓடையில் சேர்க்கிறோம். கக்கூஸ் தண்ணீர் இதில் வராது. 2022இல் கட்டியது. நீளம் 40 அடி, அகலம் 10, ஆழம் 2, 20 மி.மீ. ஜல்லி.

ஐப்பசி மழைக்கு அப்புறம் தண்ணீர் மேலேயே நிற்கிறது. அழுகிய முட்டை நாற்றம். ஒட்டியிருக்கும் வீட்டில் கைக்குழந்தை. சாயங்காலமானால் கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

வண்டல் தொட்டியைத் தூர்வாரினோம். வெளியேறும் குழாயில் கம்பி விட்டுப் பார்த்தோம், அடைப்பில்லை. மூன்று வாரம் இ.எம். கரைசல் (கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவை) ஊற்றியதில் நாற்றம் கொஞ்சம் குறைந்தது, தண்ணீர் இறங்கவில்லை. நேற்று, தண்ணீர் நுழையும் முனையில் கையை விட்டு ஒரு பிடி ஜல்லி அள்ளினேன். ஒவ்வொரு கல்லிலும் எண்ணெயும் சோப்பும் கலந்த சாம்பல் நிற வழவழப்பு, இடுக்கெல்லாம் வேர். நடுவில் தோண்டினால் கல் ஓரளவு சுத்தமாகவே இருக்கிறது. எண்ணெய் பிடிக்கும் தொட்டி வைக்காமல் விட்டது பெரிய தப்பு. அதை இந்த மாதமே கட்டுகிறோம்.

சரி, இப்போது நுழைவுப் பக்கம் முதல் 5 அடி ஜல்லியை மட்டும் எடுத்துக் கழுவிப் போட்டால் போதுமா, படுகை முழுவதையும் பிரிக்க வேண்டுமா?