மூட்டுவலிக்கு மூலிகை எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தென்காசியிலிருந்து:
எங்க அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சந்தையில் வேன் நிறுத்தி மைக் போட்டு விற்றவரிடம் ‘மூட்டுவலிப் பொடி’ வாங்கினார்கள். பாக்கெட்டில் என்ன மூலிகை என்று இல்லை. தயாரிப்பாளர் பெயர், உரிம எண், காலாவதித் தேதி ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பிட ஆரம்பித்த ஓரிரு நாளிலேயே கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார்கள். வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சில மாதத்தில் முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். கட்டுக்குள் இருந்த சர்க்கரை எகிறியது. டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே, பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு மெலிந்துபோகுமாம். எலும்புக்கென்று வாங்கியதே எலும்பைக் கரைத்திருக்கிறது, வயிறு எரிகிறது.

முக்கியமாக ஒன்று: இப்படிப்பட்ட பொடியைப் பல மாதம் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தைக்கு ஸ்டீராய்டையே மாத்திரையாகக் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

மதுரையிலிருந்து:
படிக்கவே பதறுகிறது. நான் கடைப்பொடி பக்கம் போகவில்லை. வேலியில் படர்ந்திருக்கும் பிரண்டைதான். இளம் தண்டாகப் பறித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரிக்க வேண்டும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டால் கையும் நாக்கும் அரிக்கும். நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி, உளுந்து, மிளகாய் வைத்துத் துவையல். முடக்கத்தான் கிடைத்தால் தோசை. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் பிரண்டையை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

காலையில் விரல் மடக்கும்போது இருந்த விறைப்பு குறைந்திருக்கிறது. பிசியோ சொன்ன பயிற்சியும் கூடவே செய்கிறேன், அதனால் எல்லாப் பெருமையையும் பிரண்டைக்கே கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் எந்தக் கீரையும் இரண்டு நாளில் வலியை வழித்தெடுத்துப் பார்த்ததில்லை.

திருச்சியிலிருந்து:
அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை உண்டு. முழங்காலுக்கென்று உறவினர் ஒருவர் மஞ்சள் சாறு கேப்சூல் வாங்கித் தந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருந்தது, உடனே கேப்சூலை நிறுத்தச் சொன்னார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை, செறிவாக்கிய சாறுதான் சிக்கல். இப்போது எது வாங்கினாலும் டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறோம்.

தென்காசியிலிருந்து:
இரண்டு பேருக்கும் நன்றி. அத்தைக்கு முக வீக்கம் வடிந்துவிட்டது, முழங்கால் வலி திரும்பியிருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறோம், பழைய சீட்டுகளையும் மிச்சமிருக்கும் பொடியையும் எடுத்துக்கொண்டு. அங்கே மூட்டுத் தேய்மானத்துக்குக் காட்டியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.