மெட்டஃபர், மெட்டோனிமி, சினெக்டகி: மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

தேனி வாசகர்:
என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஆங்கிலக் கவிதை வரியைக் கொடுத்து அதிலுள்ள அணியைக் கேட்டால் சிமிலி (உவமை), பெர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராகப் பாவிப்பது) வரை தயங்காமல் சொல்கிறாள். மெட்டஃபர் (உருவகம்), மெட்டோனிமி, சினெக்டகி என்று வந்தால் குழம்பிவிடுகிறாள். கைடில் உள்ள விளக்கத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். புதிய வரியைக் காட்டினால் முகம் வாடிவிடுகிறது. நான் தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலம் சுமார்தான். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க வழி உண்டா?

கல்லூரி மாணவன்:
"போல" என்று பொருள்படும் லைக், ஆஸ் வந்தால் சிமிலி, வராவிட்டால் மெட்டஃபர். மற்ற இரண்டும் அரிதாகவே வரும், விட்டுவிடலாம்.

ஆங்கில ஆசிரியை:
விடக் கூடாது, தம்பி. நாளிதழைப் பிரித்தாலே மெட்டோனிமிதான் முதலில் கண்ணில் படும்: "டெல்லி மறுத்தது", "வாஷிங்டன் எச்சரித்தது". ஊரின் பெயர் அங்குள்ள அரசைக் குறிக்கிறது. லைக், ஆஸ் என்று சொல்லைத் தேடுவதும் ஆபத்து. ஆஸ் என்பதற்குப் "போது" என்ற பொருளும் உண்டே!

ஐயா, நீங்கள் தமிழ் வழியில் படித்தது இங்கே பெரிய பலம். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவரும் ஆகுபெயர் நினைவிருக்கிறதா? "தலைக்கு ஒரு பழம் கொடு" என்பதில் தலை என்ற உறுப்பு முழு ஆளுக்கு ஆகிவந்தது, சினையாகுபெயர். கப்பலில் மாலுமிகளை "ஹேண்ட்ஸ்" (கைகள்) என்று அழைப்பதும் அப்படித்தான். அதுவே சினெக்டகி. "முல்லையைத் தொடுத்தாள்" என்றால் தொடுத்தது கொடியை அல்ல, பூவை. முழுமை உறுப்புக்கு ஆகிவரும் இதையும் ஆங்கிலத்தில் சினெக்டகி என்றே சொல்வார்கள்.

"திருவள்ளுவரைப் படித்தேன்" என்பது கருத்தாவாகுபெயர். "ஷேக்ஸ்பியரைப் படித்தேன்" என்பதும் அதே கட்டுதான். ஆங்கிலத்தில் அது மெட்டோனிமி. அரசரை "கிரௌன்" என்பதும் மெட்டோனிமியே. மகுடம் அரசரின் உடலுறுப்பு அல்ல, அவரைச் சேர்ந்த பொருள்.

மெட்டஃபரில் இந்த உறவு எதுவும் இருக்காது. பாடநூலில் உள்ள, உலகத்தை நாடகமேடை என்னும் ஷேக்ஸ்பியர் பகுதியை எடுங்கள். படைவீரன் பீரங்கியின் வாய்க்கு எதிரே நின்று தேடுவது குமிழியாகிய புகழை. புகழுக்கும் குமிழிக்கும் என்ன சொந்தம்? சட்டென்று உடையும் இயல்பு ஒன்றுதான் பொது. அதே பகுதியில் பள்ளிக்குப் போக மனமில்லாத சிறுவன் நத்தையைப் போல ஊர்கிறான். அங்கே "போல" வெளிப்படையாக நிற்பதால் சிமிலி.

மகளிடம் விளக்கத்தைக் கேட்காதீர்கள். "இரண்டுக்கும் ஒப்புமையா, உறவா?" என்று கேளுங்கள். உறவு என்றால், "உறுப்பும் முழுமையுமா, அல்லது வேறு உறவா?" என்று கேளுங்கள்.

திருச்சி வாசகி:
ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி மக்களிடம் காதுகளை இரவல் கேட்பது சினெக்டகி என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். காது உறுப்புதானே?

ஆங்கில ஆசிரியை:
உறுப்புதான். ஆனால் "காது" என்று சொல்லி அவன் ஆட்களைக் குறிக்கவில்லை; அவர்கள் செவிகொடுத்துக் கேட்பதைக் குறிக்கிறான். கேட்கும் கருவி கேட்டலுக்கு ஆகிவந்திருப்பதால் அதை மெட்டோனிமி என்பேன். சினெக்டகியை மெட்டோனிமியின் ஒரு வகையாகவே கொள்பவர்களும் உண்டு. அதனால் உங்கள் ஆசிரியர் சொன்னதை அடியோடு தள்ளவும் மாட்டேன்.

தேனி வாசகர்:
மிக்க நன்றி, அம்மா. இன்று இரவே ஆகுபெயரிலிருந்து தொடங்குகிறேன். இன்னும் ஒன்று. தோரு தத் எழுதிய சவுக்கு மரக் கவிதையில், மரமாகிய அந்த ராட்சதன் கொடியைக் கழுத்துத்துணியாக அணிந்திருப்பதாக வருகிறது. அது எந்த அணி?

ஆங்கில ஆசிரியை:
மரத்தை ராட்சதன் என்பதும் கொடியைக் கழுத்துத்துணி என்பதும் மெட்டஃபர். மரம் அதைப் பெருமிதத்தோடு அணிகிறது என்னும்போது பெர்சானிஃபிகேஷனும் சேர்ந்துகொள்கிறது. அதற்குச் சற்று முன்பு அதே கொடி மலைப்பாம்பு போல அடிமரத்தைச் சுற்றுகிறது, அது சிமிலி. அந்த முதல் பத்தியை மட்டும் மகளோடு உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். பாம்பாக நெரித்த கொடி எந்த இடத்தில் அணிகலனாகிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.